2010, ஐஸ்லாந்து: எரிமலை மட்டும்தானா?

கேள்வி, 10 பிப்ரவரி 2024

வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. 2010-இல் ஐஸ்லாந்து மக்கள் ரத்தம் சிந்தாமல் புரட்சி செய்தார்களாம். வங்கிக் கடனைக் கட்ட மறுத்து, வங்கிக்காரர்களை எல்லாம் உள்ளே தள்ளி, ஐ.எம்.எஃப்பை, அதாவது சர்வதேச நாணய நிதியத்தை, விரட்டிவிட்டு, பொதுமக்களே உட்கார்ந்து புது அரசியல் சாசனம் எழுதிக்கொண்டார்களாம். ஊடகங்கள் இதை மறைத்துவிட்டனவாம். எனக்குத் தெரிந்து அந்த வருடம் அங்கே நடந்தது எரிமலை ஒன்றுதான். அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

10 பிப்ரவரி, இரவு

நான் இருந்தேன். 2009 ஆகஸ்டிலிருந்து 2011 ஜூன் வரை தலைநகர் ரெய்க்யவிக்கில் முதுகலை படித்தேன். இந்தச் செய்தி எங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்தது. அனுப்பியது என் தம்பி.

கடன் விஷயம் பாதி சரி. வங்கிக்காரர்கள் சிலர் சிறைக்குப் போனது உண்மை, ஆனால் பல வருடம் கழித்து. ஐ.எம்.எஃப்பை யாரும் விரட்டவில்லை. 2008 நவம்பரில் கடனோடு வந்தது, 2011 ஆகஸ்டில் திட்டத்தை முடித்துக்கொண்டு போனது. நாட்டை விட்டுப் பணம் வெளியே போகாமல் போட்ட கட்டுப்பாடுகள் 2017 வரை இருந்தன. சாசனக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

எரிமலை மட்டும்தான் என்பதும் சரியில்லை. அப்போது மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் பேர் இருந்த நாடு அது, நம்மூரில் ஒரு நடுத்தர நகரத்தின் அளவு. அங்கே அந்த ஒரு வருடத்தில் நடந்ததை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

11 பிப்ரவரி

கடனிலிருந்து தொடங்குகிறேன்.

2008 அக்டோபரில் ஒரே வாரத்தில் கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்ற மூன்று வங்கிகளும் விழுந்தன. இதில் லாண்ட்ஸ்பாங்கி, ஐஸ்சேவ் என்ற பெயரில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இணையம் வழியே சேமிப்புக் கணக்குகள் நடத்தியது. வங்கி விழுந்ததும் அந்த இரண்டு அரசுகளும் தங்கள் மக்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஐஸ்லாந்து அரசிடம் கிட்டத்தட்ட 390 கோடி யூரோ கேட்டன. மக்கள்தொகையால் வகுத்தால் பிறந்த குழந்தை உட்படத் தலைக்கு 12 ஆயிரம் யூரோவுக்கு மேல் வரும். போதாததற்கு பிரிட்டன், பயங்கரவாதத் தடுப்புக்காக இயற்றிய சட்டத்தைக் கொண்டு லாண்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை முடக்கியது. நான் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியும் அந்தக் காயம் ஆறவில்லை. கடனைவிட அந்தச் சட்டத்தின் பெயர்தான் அவர்களை அதிகம் வருத்தியது.

2009 டிசம்பர் 30-ஆம் தேதி கடனைத் திருப்பிக் கட்டும் சட்டம் ஆல்திங்கில், அதாவது அவர்கள் நாடாளுமன்றத்தில், 33-க்கு 30 என்று நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஓலாஃபுர் ரக்னர் கிரிம்ஸன் கையெழுத்துப் போடவேண்டும். 56 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், அதாவது வாக்காளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர், போடாதீர்கள் என்று மனு கொடுத்திருந்தார்கள். ஜனவரி 5-ஆம் தேதி அவர் மறுத்துவிட்டார். 1944-இல் குடியரசான பிறகு முதல் பொது வாக்கெடுப்பு மார்ச் 6-ஆம் தேதி நடந்தது. 93 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

இதைத்தான் "கட்ட மறுத்தார்கள்" என்கிறார்கள். ஆனால் வாக்கெடுப்பு நடக்கும்போதே அந்தச் சட்டத்தைவிட நல்ல நிபந்தனைகள் பேச்சில் வந்துவிட்டன. அதனால் இந்த வாக்கெடுப்புக்கே அர்த்தமில்லை என்று பிரதமர் வாக்களிக்கப் போகவில்லை. 2011 ஏப்ரலில் இரண்டாவது வாக்கெடுப்பிலும் வேண்டாம் என்றே வந்தது, இம்முறை 60 சதவீதம் அளவில். 2013 ஜனவரியில் எஃப்டா நீதிமன்றம், அதாவது ஐஸ்லாந்து உறுப்பினராக உள்ள ஐரோப்பிய வணிகக் கூட்டமைப்பின் நீதிமன்றம், ஐஸ்லாந்து பக்கம் தீர்ப்புச் சொன்னது. விழுந்த வங்கியின் சொத்துகளை விற்றே 2016-க்குள் அந்தப் பணம் அடைக்கப்பட்டது. "வங்கி பட்ட கடனை வங்கியின் சொத்திலிருந்து எடுத்துக்கொள், என் தலையில் கட்டாதே" என்பதுதான் அவர்கள் சொன்னது. அதற்கும் "தரமாட்டேன்" என்பதற்கும் நிறைய தூரம்.

13 பிப்ரவரி

எரிமலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

மார்ச் 20-ஆம் தேதி இரவு ஃபிம்வொர்துஹால்ஸ் கணவாயில் முதல் வெடிப்பு. அது அழகாக இருந்தது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்த்தது. என் வகுப்புக்காரர்கள் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து படம் காட்டினார்கள். ஏப்ரல் 12-இல் அது அடங்கியது. 14-ஆம் தேதி ஏயாஃப்யாட்லாயோகுட்ல் பனிப்பாளத்துக்கு அடியிலிருந்து பெரியது கிளம்பியது. சித்திரை ஒன்றாம் தேதி. அம்மா போனில் "வாசலில் கோலம் போட்டாச்சு, நீ எப்போ வர்றே" என்று கேட்டபோது எனக்கு இன்னும் விஷயம் தெரியாது.

மறுநாள் 15-ஆம் தேதி எனக்கு விமானம். லண்டன் வழியாகச் சென்னை, அங்கிருந்து கும்பகோணம். ஞாயிறு காலை தம்பிக்குக் கல்யாணம். நான் ஒரே அக்கா. நாத்தனார் முடிச்சு நான் போடவேண்டும்.

பனிக்கு அடியில் வெடித்ததுதான் பிரச்சினை. உருகிய நீர் கொதிக்கும் பாறைக்குழம்பில் பட்டதும் அது பொடிப்பொடியாக நொறுங்கி, கண்ணாடி மாவு மாதிரி எட்டு ஒன்பது கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. காற்று அதை நேராக ஐரோப்பா மேல் தள்ளியது. அந்தத் துகள் ஜெட் எஞ்சினுக்குள் போனால் உருகி, உள்ளே ஒட்டிக்கொண்டு எஞ்சினை அணைத்துவிடும். 1982 ஜூனில் ஜாவா மேலே ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சினும் அப்படித்தான் நின்றன. பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் என்று தொட்டுப்போகும் தடத்தில் போன விமானம் அது. கீழே இறங்கி இறங்கி வந்தபின் எஞ்சின்கள் மறுபடி உயிர்பெற்றதால் எல்லோரும் பிழைத்தார்கள். அந்த நினைவு இருந்ததால்தான் ஒரு வாரம் வானத்தையே மூடினார்கள். சுமார் ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்து, ஒரு கோடிப் பேர் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். மூடியது தப்பு என்று நான் இன்றுவரை சொன்னதில்லை.

கெஃப்லாவிக் விமான நிலையம் மூடிவிட்டதால் நான் போகவில்லை. முடிச்சைச் சித்தி மகள் போட்டாள். போனில் கெட்டிமேளம் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து யாரோ போனை மேசைமேல் வைத்துவிட்டார்கள். பந்தி சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் வைக்கவில்லை, தொலைபேசி அட்டையில் காசு தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

13 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

திருத்தம். மேலே கெஃப்லாவிக் மூடியது என்று எழுதியது தவறு. 15-ஆம் தேதி அது திறந்துதான் இருந்தது. காற்று தென்கிழக்கே போனதால் எரிமலை இருக்கும் நாட்டில் வானம் தெளிவு, லண்டன் மூடல். கெஃப்லாவிக் முதன்முதலில் மூடியது 23-ஆம் தேதி, காற்று திரும்பியபிறகு. பதினான்கு வருடமாக எல்லோரிடமும் "விமான நிலையம் மூடிவிட்டது" என்றே சொல்லிவந்திருக்கிறேன். சொல்ல எளிது என்பதால் அப்படிப் பழகிவிட்டேன் போல. உண்மையில் நான் நிலையத்தில் நின்று அமெரிக்காவுக்குப் போகும் விமானம் கிளம்புவதைப் பார்த்தேன்.

டிக்கெட் எடுத்துக்கொடுத்த ஏஜென்சி பணத்தைக் கடைசிவரை திருப்பித் தரவில்லை. அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

14 பிப்ரவரி

"உங்களுக்காவது ஒரு கல்யாணம்தான், ஆனந்துக்கு உலகப் பட்டமே போயிருக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், அதை மறக்கவே முடியாது. சோஃபியாவில் டோபலோவோடு சதுரங்க உலகப் பட்டப் போட்டிக்குக் கிளம்பிய விஸ்வநாதன் ஆனந்த் ஃபிராங்ஃபர்ட்டில் மாட்டிக்கொண்டார். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார், ஒரு நாள்தான் கிடைத்தது. நாற்பது மணி நேரம் காரிலேயே போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் தோற்றார். மே 11-ஆம் தேதி கடைசி ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு ஜெயித்து ஆறரைக்கு ஐந்தரை என்று பட்டத்தைத் தக்கவைத்தார். ரெய்க்யவிக்கில் அன்று நான் பட்ட சந்தோஷத்தைப் பகிர ஒரு தமிழ் ஆள் பக்கத்தில் இல்லை. வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் 1972-இல் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் அவர்கள் ஊரில் ஆடியதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

(ஃபிஷர் செல்ஃபோஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தேவாலயத்துத் தோட்டத்தில் புதைக்கப்பட்டவர். தந்தைமை வழக்கு ஒன்றுக்காக இதே 2010 ஜூலையில் அவர் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள். குழந்தை அவருடையதல்ல என்று முடிவு வந்தது.)

17 பிப்ரவரி

இப்போது நான் உண்மையில் சொல்லவந்தது.

எரிமலை வெடிக்க இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 12-ஆம் தேதி, வங்கிகள் ஏன் விழுந்தன என்று நாடாளுமன்றம் அமைத்த சிறப்பு விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. ஒன்பது தொகுதி, இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், நாடாளுமன்றத்தின் குறைகேள் அதிகாரி, ஒரு பொருளாதார அறிஞர் என மூன்று பேர் எழுதியது. வங்கிகள் ஏழு வருடத்தில் இருபது மடங்கு பெருத்தன. பெரிய பங்குதாரர்களே தங்கள் வங்கியின் மிகப்பெரிய கடனாளிகள். பங்கின் விலை விழாமல் இருக்க வங்கியே கடன் கொடுத்துத் தன் பங்கை வாங்கவைத்தது. எல்லாம் ஆவணத்தோடு. மூன்று அமைச்சர்கள், மத்திய வங்கியின் மூன்று ஆளுநர்கள், நிதிக் கண்காணிப்பு அமைப்பின் தலைவர் என ஏழு பேரைப் பெயர் சொல்லி, கடமையில் அலட்சியம் காட்டினார்கள் என்று எழுதியிருந்தது.

நம்மூரிலும் விசாரணைக் கமிஷன்கள் உண்டு, அறிக்கைகள் உண்டு. எனக்குப் புதிதாக இருந்தது அடுத்து நடந்தது. ரெய்க்யவிக் நகர நாடக அரங்கின் நடிகர்கள் அந்த அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மேடையில் உரக்கப் படித்தார்கள். இரவு பகல் நிறுத்தாமல், ஆள் மாற்றி மாற்றி, ஐந்தாறு நாள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

விமானம் இல்லை என்று முடிவானபின் வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கார அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அங்கே எல்லோரையும் முதல் பெயரால்தான் அழைப்பார்கள், அப்போது தொலைபேசிப் புத்தகமே முதல் பெயர் வரிசையில்தான் இருந்தது. எனக்கு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இரண்டு வருடமும் நா எழவில்லை, "அம்மா" என்றேன். அவருக்கு அந்த ஒரு தமிழ்ச் சொல் மட்டும் தெரியும்.

நள்ளிரவு தாண்டிவிட்டது. அரங்கில் முப்பது நாற்பது பேர் இருந்திருப்போம். ஒரு நடிகை மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். ஏற்ற இறக்கம் இல்லை, நடிப்பு இல்லை. கடன் தொகை, தேதி, நிறுவனத்தின் பெயர். மறுபடி கடன் தொகை, தேதி. என் ஐஸ்லாந்திய மொழி அரைகுறைதான், எண்களும் பெயர்களும் புரிந்தன. பக்கத்தில் அம்மா மடியில் கை வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார். அவருடைய சேமிப்பில் பாதிக்கு மேல் போயிருந்தது, வீட்டுக் கடன் விலைவாசியோடு சேர்ந்து ஏறிக்கொண்டே இருந்தது. அதனால்தான் எனக்கு அறை வாடகைக்கு விட்டிருந்தார். நடுவில் ஒரு பெயர் வந்தபோது மட்டும் மெல்ல "இவன் என்னிடம் படித்தவன்" என்றார். அவ்வளவு சின்ன நாடு.

அந்த வாட்ஸாப் செய்தியில் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். புரட்சி என்று ஒரு சொல்லைப் போட்டு இதையெல்லாம் அழித்துவிடுகிறது. கத்துவதைவிடக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது கடினமான வேலை. அதை அவர்கள் செய்தார்கள்.

18 பிப்ரவரி

கத்தவில்லை என்று எழுதியதாகப் படுகிறது. அப்படி இல்லை. அக்டோபர் 4-ஆம் தேதி இரவு பிரதமர் ஆல்திங்கில் உரையாற்றும்போது வெளியே ஆயிரக்கணக்கானோர் எண்ணெய்ப் பீப்பாய்களைத் தட்டினார்கள். எட்டாயிரம் பேர் என்று பேசிக்கொண்டார்கள். வீடுகள் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்த நேரம். அம்மா சமையலறையிலிருந்து ஒரு பெரிய சட்டியையும் மரக்கரண்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தச் சட்டியின் அடி நசுங்கிப்போய்க் கடைசிவரை அடுப்பில் ஆடிக்கொண்டே இருந்தது.

18 பிப்ரவரி, இரவு

வங்கிக்காரர்கள் பற்றி விட்டுப்போனது. வங்கிகளை விசாரிக்கும் சிறப்பு அரசு வழக்கறிஞர் பதவிக்கு முதலில் விளம்பரம் செய்தபோது யாருமே விண்ணப்பிக்கவில்லை. பிறகு அக்ரானெஸ் என்ற சின்ன ஊரின் காவல் தலைவராக இருந்தவர் வந்தார். 2010 மே மாதம் கௌப்திங் வங்கியின் முன்னாள் தலைவரைக் கைது செய்தார்கள். பெரிய வழக்கில் உச்ச நீதிமன்றத் தண்டனை 2015 பிப்ரவரியில்தான் வந்தது.

அரசியல்வாதிகளில் முன்னாள் பிரதமர் கெய்ர் ஹார்டே ஒருவர் மேல் மட்டும் வழக்கு. செப்டம்பர் 28-ஆம் தேதி ஆல்திங்கில் 33-க்கு 30. அமைச்சர்களை விசாரிக்க 1905-இலேயே சட்டம் செய்து வைத்த ஒரு நீதிமன்றம், அதுவரை ஒருமுறைகூடக் கூடியதில்லை. 2012-இல் ஒரு குற்றச்சாட்டில் மட்டும் குற்றவாளி என்றது, தண்டனை எதுவும் இல்லை. அறிக்கை மூன்று அமைச்சர்களைச் சொல்ல, கூண்டில் நின்றது ஒருவர். அது நியாயம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மற்ற அமைச்சர்களின் பெயர்களும் ஓட்டுக்கு வந்தன, கட்சிக் கணக்கில் தப்பித்தார்கள்.

21 பிப்ரவரி

நகைச்சுவை நடிகர் மேயரான கதை உண்மையா என்று கேட்டவருக்கு: உண்மை. யோன் க்னார். 2009 கடைசியில் "மிகச்சிறந்த கட்சி" என்று பெயர் வைத்து ஒரு கட்சி. நீச்சல்குளங்களில் இலவசத் துண்டு, மிருகக்காட்சிசாலைக்கு ஒரு பனிக்கரடி, கொடுத்த வாக்குறுதிகளை எல்லாம் மீறுவோம் என்று ஒரு வாக்குறுதி. மே 29-ஆம் தேதி 15 இடத்தில் 6 இடம், 34.7 சதவீதம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் நான்கு வருடம் முழுசாக இருந்து, கடனில் மூழ்கிய நகர மின்சார, வெந்நீர் நிறுவனத்தில் ஆள் குறைத்துக் கட்டணத்தை ஏற்றி அதை விழாமல் காப்பாற்றினார். என் அறையின் வெந்நீர்க் கட்டணமும் ஏறியது. அம்மா அவருக்கு ஓட்டுப் போடவில்லை. ஆனால் 2014-இல் எழுதிய கடிதத்தில், மறுபடி நின்றிருந்தால் போட்டிருப்பேன் என்றார். அவர் நிற்கவில்லை.

அந்தக் காலத்து ஒரு சிரிப்பு: ஐஸ்லாந்திடம் பிரிட்டன் கேஷ் கேட்டது, அவர்கள் எழுத்து வரிசையில் "சி" இல்லாததால் ஆஷ் அனுப்பிவிட்டார்கள். சாம்பல் விழுந்த ஊர்க்காரர்களும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் மலையடிவாரத்தில் அது சிரிப்பல்ல. சாம்பலில் ஃபுளோரின் இருக்கும், அது படிந்த புல்லை மேய்ந்தால் ஆடும் குதிரையும் நோயில் விழும். 1783-இல் லாகி வெடித்தபோது கால்நடை பாதிக்கு மேல் செத்து, பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒருவர் போனார்கள். அந்த நினைவோடுதான் பகலிலேயே இருட்டிய நாட்களில் குதிரைகளைத் தேடி உள்ளே கட்டினார்கள். மர்கர்ஃப்ளியோட் ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் போகாமல் இருக்க, நெடுஞ்சாலையையே பொக்லைன் வைத்து வெட்டி வெள்ளத்துக்கு வழிவிட்டார்கள். பாலம் நின்றது.

22 பிப்ரவரி

ஜூன் 11: ஒருபால் திருமணச் சட்டம், 49-க்கு 0. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஜூன் 27-ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததும் பிரதமர் யோஹன்னா சிகுர்தர்தோத்திர் தன் இணையை மணந்தார். மறுநாள் வகுப்பில் யாராவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பேசியது வானிலை பற்றி.

25 பிப்ரவரி

அக்டோபர் 25, திங்கள். ஆணும் பெண்ணும் வாங்கும் சம்பளத்தைக் கணக்கிட்டால், அன்றைக்குப் பெண்ணின் கூலி மதியம் 2.25-க்கு முடிந்துவிடுகிறது, அதற்குமேல் இனாம் வேலை என்று சரியாக 2.25-க்குப் பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். 1975 அக்டோபர் 24-ஆம் தேதி பெண்களில் 90 சதவீதம் பேர் வேலையையும் வீட்டையும் போட்டுவிட்டு வெளியே வந்த நாளின் முப்பத்தைந்தாவது ஆண்டு. எங்கள் பேராசிரியை கரும்பலகையில் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுப் போனார். நானும் போனேன். பயங்கரக் காற்று, குடை ஒன்றும் நிற்கவில்லை. பல்லாயிரம் பேர். என் பக்கத்தில் அம்மா, அவருக்குப் பக்கத்தில் அவர் மகள், அவள் தோளில் பேத்தி. 1975-இல் அந்த மகள் கைக்குழந்தையாம். அன்று அவளை அப்பாவிடம் விட்டுவிட்டு வந்தேன், என்ன ஊட்டினாரோ தெரியாது என்றார்.

3 மார்ச்

சாசனம். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 6-ஆம் தேதி, குலுக்கலில் தேர்ந்த சுமார் 950 பேர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து புதுச் சாசனத்தில் என்ன இருக்கவேண்டும் என்று பேசினார்கள். நவம்பர் 27-ஆம் தேதி, சாசனப் பேரவைக்குத் தேர்தல். 25 இடத்துக்கு 522 பேர் நின்றார்கள். ஓட்டுப் போட்டவர்கள் 36 சதவீதம் அளவில்தான். பனியில் அம்மாவோடு வாக்குச்சாவடி வரை நடந்து போனேன். அவர் வீட்டிலேயே எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார், அத்தனை பேரில் தேடுவது கஷ்டம் என்று.

2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. அட்டைத் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்க்கலாம், வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறது என்பது போன்ற காரணங்கள். ஆல்திங் அதே ஆட்களையே ஒரு குழுவாக நியமித்தது. ஒருவர் மறுத்தார், அடுத்தவர் வந்தார். ஜூலையில் வரைவைக் கொடுத்தார்கள். 2012 அக்டோபர் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் இதையே அடிப்படையாக வைக்கலாம் என்றார்கள். 2013 வசந்தத்தில் ஆல்திங் அதை நிறைவேற்றாமலேயே கலைந்தது. இன்றும் 1944-இன் சாசனம்தான்.

ஆகவே "மக்களே எழுதிக்கொண்டார்கள்" என்பது உண்மை. அது சட்டமாகவில்லை என்பதை மட்டும் அந்தச் செய்தி சொல்லாது.

4 மார்ச்

"அப்படியானால் எல்லாம் வீண்தானே" என்று கேட்டவருக்கு.

2020 அக்டோபரில் ரெய்க்யவிக்கில் அரசு அலுவலகப் பக்கம் ஒரு சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: "புதிய சாசனம் எங்கே?" சில நாளில் அரசு ஆட்கள் தண்ணீர் பீய்ச்சி அதை அழித்தார்கள். உடனே பக்கத்துச் சுவரில் இன்னும் பெரிதாக எழுதிவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது எண்பது நெருங்கியிருந்தது. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினார். கையில் அந்த நசுங்கிய சட்டி. நேற்று இரவு குடும்பக் குழுவில் தம்பிக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன்.